படத்துக்கு ஞானத்தகப்பன்

என் வீட்டுக்காரன் கசிமிரோவுக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டு நாயையும் பெயர் சொல்லித் தெரியும். தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக மாதம் தவறாமல் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, மூடியைத் தூக்கி, எண்ணை எழுதிக்கொண்டு வருகிறவன். தோளில் அலுவலகப் பை. பைக்குள், மீட்டர் புத்தகத்துக்கு அடியில் ஒரு கேமரா.

எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவனிடம் பழசாக வாங்கியது அது. அதன் லென்ஸ் அதைவிடக் கிழடு. வளையத்தைக் கையால் திருப்பினால்தான் படம் தெளியும். அதை வைத்துக்கொண்டு கொடியில் காயும் துணி, கூரைமேல் நிற்கும் நாய், கதவில் சாய்ந்து வெங்காயம் உரிக்கும் பெண் என்று எதையாவது எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் பிரிண்டரை வைத்து அச்செடுத்து, அடுத்த மாத பில்லோடு சேர்த்து அந்தந்த வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவான். ஒரு பெசோ கேட்க மாட்டான். பில்லைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. படத்தைக் கிழித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

எனக்கு இது பிடித்திருந்ததா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். மையும் காகிதமும் என் காசு. நான் ஒதீலியா, சந்தைத் தெரு முனையில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது விழா என்றாலும் அன்று காலை அவளுக்கு முடி கட்டுகிறவள் நான்தான். அன்றுதான் அப்பா மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் ஹீல்ஸை மாட்டிவிடுவார், அவள் பெரியவள் ஆகிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்ல. வெளியூரிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் வந்து, சூயிங்கம் மென்றுகொண்டே நாலு படம் எடுத்து, என் ஒரு மாத வருமானத்தை ஒரே சாயங்காலத்தில் வாங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற குடும்பம் எங்களுடையது.

ஒரே ஒரு தடவை, காசுக்குப் படமெடுக்க அவனைத் தள்ளிவிட்டிருக்கிறேன். மெக்கானிக் வீட்டுக் கல்யாணம். கூலிக்கு ஒத்துக்கொண்டான். மூன்று நாள் தூங்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒரு படத்திலும் இல்லை என்று அவர்கள் வந்து சத்தம் போட்டபோது, வாங்கிய பணத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனான். கேமரா அலமாரியில் கம்பளிகளுக்கு நடுவே போனது. எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. அந்த எட்டு மாதமும் அவன் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், என் பக்கத்தில் படுத்தான். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷம் அவனைத் திட்டியவள் நான். அந்த எட்டு மாதம் பயந்துபோனேன்.

அதனால்தான் போன வருஷம் நொயெமி எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நொயெமி எங்களுக்குப் பின்தெரு. அவள் புருஷன் பல்தாசர் வடக்கே கறி ஆலையில் வேலை செய்கிறான். மகள் யரேலிக்கு நாலு வயதாக இருக்கும்போது போனவன். அங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லாததால் பதினொரு வருஷம் திரும்பவில்லை. அந்த வருஷம்தான் காகிதம் கிடைத்தது. மகளுக்குப் பதினைந்து. நாலு நாள் லீவு. வியாழக்கிழமை வருவான், சனிக்கிழமை விழா, ஞாயிறு காலை பஸ்.

"அப்பா மகளுக்கு ஷூ மாத்துற படம் ஒண்ணு வேணும்னு சொல்லிவிட்டிருக்காரு. அதுவும் காகிதத்துல. தண்ணி பில்லோட நீங்க போட்டீங்களே, நான் கதவுல நிக்கிற படம், அதை அவருக்கு அனுப்பினேன். அதை எடுத்தவருதான் இதையும் எடுக்கணும்ங்கிறாரு. எவ்வளவு ஆகும், தோன் கசிமிரோ?"

"நான் கூலிக்கு எடுக்கிறதில்ல, நொயெமி. சும்மா எடுத்துத் தர்றேன்."

நொயெமியின் முகம் சிவந்தது. "சும்மாவா? எம் புருஷன் பதினோரு வருஷம் மாடு வெட்டினது சும்மா வாங்குறதுக்கா? நாங்க என்ன கோயில் வாசல்லயா உக்காந்திருக்கோம்?"

"காசு வாங்கினா என் கண்ணு என்னுதா இருக்காது."

"அப்ப உங்க கண்ணை நீங்களே வச்சுக்குங்க." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என்னைப் போல் புத்திசாலி உண்டா!

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பதினைந்தை எந்தக் குடும்பமும் தனியாக நடத்துவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், மேளத்துக்கு ஒருவர், கிரீடத்துக்கு ஒருத்தி, ஷூவுக்கு ஒருத்தி என்று ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். அது கூலியும் இல்லை, தர்மமும் இல்லை. அன்று முதல் இரண்டு குடும்பமும் சாகும்வரை உறவு. மரியாதைக்குச் சொல்கிற 'தோன்' போய், உறவு சொல்கிற 'கொம்பாத்ரே' வந்துவிடும்.

"படத்துக்கு இவனை ஞானத்தகப்பன் ஆக்கிடு" என்றேன்.

நொயெமி உட்கார்ந்தாள். கசிமிரோ என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் எட்டு மாதம் தேடியிருந்தேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டான். "ஷூ மாத்துற நேரத்துல ஒருத்தர் கையிலயும் ஃபோன் இருக்கக் கூடாது. ஆளாளுக்கு முன்னாடி பாஞ்சு வெளிச்சத்தை மறைப்பாங்க. நான் ஒருத்தன் எடுத்தா போதும்."

நொயெமி அதற்கும் தலையாட்டினாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். முப்பது வருஷமாக இந்த விழாக்களில் நிற்கிறேன். ஷூ மாற்றும் நேரத்தில் ஞானத்தகப்பன்மார் எங்கே நிற்பார்கள் என்பது ஊரில் கோழிக்கும் தெரியும். படத்துக்கு ஞானத்தகப்பன் என்றால் இதுவரை ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டுகிறவர். அவர் வேறு, கேமரா பிடிக்கிறவர் வேறு. இரண்டும் ஒரே ஆளானால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை, நொயெமி யோசிக்கவில்லை, வெளிச்சத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிற கசிமிரோவும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை யரேலிக்கு முடி கட்டி அனுப்பினேன். மதியம் ஒன்றரை மணிக்குத் தொப்பியைக் கையில் பிடித்தபடி பல்தாசர் வந்து வாசலில் நின்றான். வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. ஆலை எடுத்துக்கொண்டது.

"அக்கா, இந்த நரையை மறைக்க முடியுமா?"

"ஒரு மணி நேரம் உக்காரணும்."

"அரை மணிதான் இருக்கு. பூசைக்குப் போகணும்."

"அரை மணிக்கு அரைச் சாயந்தான் பிடிக்கும். வேர்த்தா வழியும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"பரவால்லக்கா. நான் போறப்ப அவ பாத்த அப்பாவுக்குக் கறுப்பு முடி. தோள்ல உக்காந்து அதைத்தான் பிடிச்சுக்குவா."

சாயம் பூசும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் பேசினான். "வந்ததுலருந்து அவ என்னைத் தொடவே இல்லக்கா. 'வாங்க', 'சாப்டீங்களா', 'தூங்குங்க.' பள்ளிக்கூட வாத்தியார்கிட்ட பேசுற மாதிரி. அவ மேல தப்பு சொல்லல. ஷூ மாத்தும்போது நான் அவ காலைத் தொட்டுத்தானே ஆகணும்? அது ஒண்ணு படமா இருந்தா போதும். கட்டில் பக்கத்துல ஒட்டி வச்சுக்குவேன்."

நான் சீப்பை வேகமாக இழுத்தேன்.

கசிமிரோ முந்தைய சனிக்கிழமையே மண்டபத்துக்குப் போய்ப் பார்த்து வந்திருந்தான். மேற்குப் பக்கம் மூன்றாவது ஜன்னல். ஆறு மணிக்கு அதன் வழியாக வெயில் தரையில் விழும். இருபது நிமிஷம் இருக்கும். நாற்காலியை எங்கே போட வேண்டும், தான் எந்தத் தரைக்கல்லில் நிற்க வேண்டும் என்று சாக்பீஸால் குறித்தும் வைத்தான். ஆனால் பாதிரியார் வேறொரு ஞானஸ்நானத்தில் மாட்டிக்கொண்டு பூசைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். சிவப்பு மிளகாய் போட்ட பன்றிக்கறியை எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்போது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். ரொட்டிக் கூடை ஒன்று மேஜை மேஜையாகப் போனது. ஃபோன்களை அதில் போட்டார்கள். யாரோ கூடையைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள்.

கசிமிரோ தன் கல்லில் நின்று லென்ஸ் வளையத்தை நாற்காலிக்குத் திருப்பி வைத்துக்கொண்டான். யரேலி வெள்ளைக் கையுறையோடு வந்து உட்கார்ந்தாள். விரித்த பாவாடையின் விளிம்பில் வெயில் விழுந்தது. பல்தாசர் பக்கத்தில் சின்ன மெத்தை வைத்த தட்டில் ஹீல்ஸை ஏந்திக்கொண்டு நின்றான். நெற்றியில் வேர்வை. சாயம் தாங்க வேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

மைக் பிடித்திருந்த நெஃப்தலி தொண்டையைச் செருமினான். "இப்ப நம்ம யரேலியோட ஞானத்தகப்பன்மார், ஞானத்தாய்மார் ஒவ்வொருத்தரா வந்து, ரோஜாவை வாங்கிக்கிட்டு, நாற்காலிக்குப் பின்னாடி நிக்கணும்!"

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. கசிமிரோவைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவனுக்கும் விளங்கிவிட்டது.

மொத்தம் பத்தொன்பது பேர். நெஃப்தலி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான். கேக்குக்காரர், "தின்னாமக் கொண்டுவந்ததே அதிசயம்." மேளத்துக்காரர், "இவரு தூங்கினாலும் மேளந்தான்னு இவரு சம்சாரம் சொல்றாங்க." ஊர் சிரித்தது. வெயில் பாவாடை விளிம்பிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"படத்துக்கு ஞானத்தகப்பன், தோன் கசிமிரோ!"

அவன் அசையவில்லை. நீங்கள் நடத்துங்கள் என்று கையைக் காட்டினான்.

"தோன் கசிமிரோ! காதுல மீட்டர் மூடி விழுந்துடுச்சா?"

சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றது. வரிசையில் அவனுக்கு விட்ட இடம் விழுந்த பல் மாதிரி தெரிந்தது.

"யோவ் கிழவா, போய்யா" என்றேன் பல்லைக் கடித்து.

"போனா யாரு எடுக்கிறது?"

"கூப்பிட்ட இடத்துக்கு வராதவன் என்ன ஞானத்தகப்பன்?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நொயெமியின் கண்ணில் நீர் நின்றது. எங்கள் ஊரில் ஞானத்தகப்பன் அழைப்பைத் தட்டுவதும், சாப்பிட்ட தட்டில் துப்புவதும் ஒன்றுதான்.

"பல்தாசர், நீ மாட்டு! வெளிச்சம் போகுது!" என்று கசிமிரோ கத்தினான்.

பல்தாசர் குனியவில்லை. "நீங்க வராம மாட்ட மாட்டேன்."

"நான் வந்தா உனக்குப் படம் இல்லப்பா!"

"என் வீட்டுல பதினோரு வருஷம் ஒரு இடம் காலியா இருந்துச்சு, தோன் கசிமிரோ. இன்னைக்கு ஒரு இடமும் காலியா இருக்கக் கூடாது."

மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். யரேலி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஃபோன் கூடையை எடுத்து வரச் சமையலறைக்கு ஓடினார்கள். அது எங்கேயோ பாத்திரங்களுக்குப் பின்னால் போயிருந்தது, அங்கே உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெயில் யரேலியின் முழங்காலுக்கு வந்துவிட்டது.

கசிமிரோ திரும்பி என்னைப் பார்த்தான். அடுத்த நொடி கேமரா என் கழுத்தில் கிடந்தது. வார் என் கொண்டை ஊசியில் சிக்கி இழுத்தது.

"எனக்கு இந்த எழவு ஒண்ணும் தெரியாதுய்யா!"

"தெரிய வேண்டாம். இந்தக் கல்லை விட்டு நகராதே. வளையத்தைத் தொடாதே. அவ முகத்தைப் பாரு, ஒதீலியா. முகத்தை மட்டும் பாரு. அவ சிரிக்கிறப்ப அமுக்கு."

போய் ரோஜாவை வாங்கி வரிசையில் நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கேமரா இல்லாமல் ஒரு கூட்டத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை.

பல்தாசர் மண்டியிட்டான். மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றினான். ஹீல்ஸை மாட்டினான். வார்ப்பூட்டுக்கு வந்தபோது மேல் கணு இல்லாத விரல் நழுவியது. திரும்பப் பிடித்தான். திரும்ப நழுவியது. நான் முதலில் தப்பான கண்ணை மூடினேன். பிறகு சரியான கண்ணை மூடினேன். முகத்தைப் பார், முகத்தைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யரேலியின் முகம் இறுகிக் கிடந்தது. சிரிப்பதாக இல்லை.

அப்போது பல்தாசரின் காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு வழிந்தது. என் சாயம். வெள்ளைச் சட்டைக் காலரை நோக்கிப் போனது. முப்பது வருஷப் பழக்கம் விடுமா? என் கண் முடிக்குத்தான் போகும். போனது. கேமராவும் கூடவே போனது. குனிந்த தலை, அதன் உச்சியில் நான் பூச மறந்த நாலு நரை, அதன் மேல் அப்போதுதான் வந்து ஏறிய வெயில். அடப்பாவி, சட்டை போச்சே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தலைமேல் ஒரு வெள்ளைக் கையுறை வந்து இறங்கியது.

"அந்தத் துளை இல்லப்பா. அடுத்தது."

அமுக்கினேன்.

அதற்குப் பிறகுதான் யரேலி கையை எடுத்துப் பார்த்தாள். கையுறை கறுத்திருந்தது. சிரித்தாள், அப்பனும் சிரித்தான், மண்டபமே சிரித்தது. கசிமிரோ அமுக்கச் சொன்ன சிரிப்பு அது. வரிசையிலிருந்து அவன் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினான். நான் கேமராவை இறக்கிவிட்டிருந்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி தூக்கும்போது வெயில் சுவருக்குப் போய்விட்டது. ஃபோன் கூடை வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சின்னத் திரையில் அதைப் பார்த்தான். யரேலியின் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. ஒரு தலை, ஒரு கை, ஒரு ஷூ. ஓரத்தில், ரோஜாவைத் தலைகீழாகப் பிடித்த கசிமிரோவின் பாதி உடம்பு. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன். பிரிண்டரைத் துடைத்தான், அச்செடுத்தான், அட்டையில் வைத்தான். பிறகு கேமராவைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். கம்பளி அலமாரி திறந்திருந்தது. நான் போய் அலமாரியை மூடி அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

"காலையில முதல்ல அந்த மனுஷன்கிட்ட குடு. அப்புறம் எங்க வேணும்னாலும் வை" என்றேன்.

எட்டு மணி பஸ். பல்தாசர் பையோடு நின்றான். காலரில் என் சாயம். நொயெமி ஒரு பக்கம், யரேலி ஒரு பக்கம். கசிமிரோ அட்டையை நீட்டினான். மூன்று பேரும் குனிந்தார்கள்.

"இவ முகம் எங்க?" என்றாள் நொயெமி. "ஒரே ஒரு படம். அதுலயும் எம் பொண்ணுக்குத் தலை இல்லையா?"

"தப்பு என்னுது" என்றான் கசிமிரோ. "நான்தான் சரியா..."

"பொய் சொல்றான். அவன் வரிசையில நின்னான், ஊரே பாத்துச்சு. நான் எடுத்தது. திட்டணும்னா என்னைத் திட்டு" என்றேன்.

பல்தாசர் எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. படத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான். கண்டக்டர் சத்தம் போட்டான். பல்தாசரின் கட்டைவிரல் படத்தில் அந்தக் கையுறைக்குப் பக்கத்தில் நின்றது, அதைத் தொடாமல்.

"முகத்தை ஃபோன்ல வாராவாரம் பாக்குறேன்" என்றான். "கை ஃபோன்ல வராது."

நொயெமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் படத்தைச் சட்டைக்குள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டான். "வர்றேன், கொம்பாத்ரே" என்று கசிமிரோவைக் கட்டிக்கொண்டான். யரேலி தானாகவே முன்னால் வந்து அப்பனின் தலையைத் தொட்டாள். இந்தத் தடவை கையில் கையுறை இல்லை.

பஸ் போனபின் நாங்கள் சந்தைத் தெரு வழியாக நடந்தோம். இலையில் கட்டி அவித்த சோள மாவுத் தமாலே விற்கிறவளிடம் நான் இரண்டு வாங்கினேன். அவன் தன்னுடையதைப் பிரிக்காமலே பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் நின்றான்.

"நான் எடுத்திருந்தா முகத்தைத்தான் எடுத்திருப்பேன், ஒதீலியா" என்றான்.

சொல்லிவிட்டு உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த கேமராவை எடுத்து, திங்கட்கிழமைக்கான அலுவலகப் பையில் மீட்டர் புத்தகத்துக்கு அடியில் வைத்தான்.